என்றால் சரியல்ல

அஸ்தம்பட்டி கோர்ட்டில் எனக்குத் தட்டச்சு வேலை.
வக்கீல் வாயிலிருந்து புறப்படுவதை
சாட்சியின் வாயில் வைத்து
கடைசியில் ஒரு சொல் ஒட்ட வேண்டும்.

நான் சம்பவ இடத்திலேயே இல்லை என்றால் சரியல்ல.
எதிரியோடு எனக்கு வரப்புத் தகராறு என்றால் சரியல்ல.
போலீசார் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன்
என்றால் சரியல்ல.

பொய் என்று அடித்தால் இரண்டே எழுத்து.
ஆனால் அது ஆளின் நெஞ்சுக்குள் போய்
பார்த்துவிட்டு வந்ததுபோல் பேசும் சொல்.
தவறு என்றால் கால் வழுக்கியது என்று அர்த்தமாகிவிடும்.
சரியல்ல அப்படியெல்லாம் எதுவும் சொல்லாது.
செருப்பை வெளியே விட்டுவிட்டு
வாக்கியத்தின் ஓரமாக வந்து நிற்கும்.

மறுப்பதற்காகவாவது
நடக்காததை முழுசாக எழுதித்தான் ஆகவேண்டும்.
பதினோரு வருஷத்தில் என் விரல்கள்
நடந்ததற்கு ஒரு பக்கம்
நடக்காததற்கு நாலு பக்கம்
அடித்திருக்கின்றன.

போன ஆனியில், அ.சா.2,
நாகலூர் குப்பாயி, மிளகு பறிக்கிறவர்.
ஏற்காடு மலைப்பாதையில் ஒரு ஜீப்
பையனை இடித்துவிட்டு நிற்காமல் இறங்கியதைப் பார்த்தவர்.
போலீஸ் எழுதியது
பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவு.
கூண்டில் நின்று அவர் சொன்னது ஒன்பதாவது.

எதிரித் தரப்பு வக்கீலின் சிரிப்பு
கறுப்புக் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டது.
"எதும்மா பொய்? அதுவா, இதுவா?"

குப்பாயி தன் விரல்களைப் பார்த்தார்.
"நீங்க கீழருந்து எண்ணுறீங்க சாமி.
நான் மேலருந்துதான எறங்குறேன்."

மொத்தம் இருபது வளைவு.
மேஜைக்கு அடியில் விரல் மடக்கிப் பார்த்தேன்.
ஒன்பதும் பன்னிரண்டும்
ஒரே வெள்ளையடித்த கல்தான்.
எண் எழுதிய பலகை அங்கே இருக்கிறது,
அவருக்குப் படிக்கத் தெரியாது.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வக்கீலுக்கு வேகம் பிடித்தது.
கேள்விக்குப் பின்னால் கேள்வி,
சரியல்ல, சரியல்ல, சரியல்ல,
என் வலது சுண்டுவிரல் தனியாகத் துடித்தது.
ஐந்தேகாலுக்குக் கரண்ட் போய் வந்தது.

படித்துக் காட்டினேன்.
குப்பாயி கைநாட்டு வைத்தார்.
அடியில் எப்போதும் உள்ள வரி:
படித்துக் காட்டக் கேட்டு
சரியென ஒப்புக்கொண்டேன்.

பட்டைக்கோவில் நிறுத்தத்தில், கம்பியைப் பிடித்தபடி,
திடீரென்று தெரிந்தது.
கடைசி வாக்கியத்துக்கு அந்தச் சொல்லை
வாய் சொன்னது. விரல் அடிக்கவில்லை.

வீட்டில் கேட்டார், "சாப்ட்டியா தமயந்தி?"
"ஆச்சு" என்றேன். ஆகவில்லை.
அதற்கு யாரும் எதையும் ஒட்டவில்லை.

காலையில் கட்டை அவிழ்த்துப் பார்த்தால்
பணம் வாங்கிக்கொண்டு சாட்சி சொல்கிறேன் என்றால்
அவ்வளவுதான்.
அப்புறம் வெறும் வெள்ளை.
அதற்குக் கீழே
குப்பாயியின் பெருவிரல், ஊதாவாய்.

எழுதிவிடலாமா என்று ஒரு நிமிஷம்.
கை நீட்டி, எடுத்துக்கொண்டேன்.
போய்ச் சொன்னேன். நீதிபதி திட்டவில்லை,
அதுதான் கஷ்டமாக இருந்தது.
"அடுத்த வாய்தாவுக்கு அவங்களை வெச்சுத் திருத்துங்க."

ஒரு நாள் கூலி போட்டுவிட்டு
முதல் பஸ்ஸில் இறங்கி வந்தார்.
தூக்குப்போசியில் களி, சேலை ஓரத்தில் செம்மண்.
"ஒரு வார்த்தை விட்டுப்போச்சும்மா.
அதுக்குப் பக்கத்துல கைநாட்டு வெக்கணும்."

"என்ன வார்த்தை?"

"சரியல்ல."

யோசித்தார்.
"அத நான் சொல்லலியே.
நான் இல்லீங்கன்னுதான சொன்னேன்.
மொத்தத்துக்கும் இல்லீங்க, இல்லீங்கன்னுதான்."

என்னிடம் பதில் இல்லை.
மைப்பெட்டியை நகர்த்தி வைத்தேன்.

பெருவிரலை அமுக்கி எடுத்து
முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்,
"பையனுக்குக் கால் நேராயிருச்சாமா?"

தெரியாது என்றேன்.
அது நிஜம்.